லீவுக்கு டிக்கெட் போடும் முன்: குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளுக்கு

களியக்காவிளை, கருங்கல், கொல்லங்கோடு, மார்த்தாண்டம் பக்கம் "கல்யாணமாகி அஞ்சு வருசம், இன்னும் குழந்தை இல்லை" என்று சொல்கிற தம்பதிகளிடம் முதலில் கேட்க வேண்டியது, இந்த ஐந்து வருடத்தில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது எத்தனை மாதம் என்பதைத்தான். கணவர் துபாயிலோ தம்மாமிலோ வேலை பார்ப்பார். வருடத்துக்கு ஒரு தடவை, நாற்பது நாள் லீவு. கூட்டிப் பார்த்தால் ஆறரை மாதம்தான் தேறும். அதிலும் கல்யாண வீடு, திருவிழா, வீட்டு வேலை, சொந்தக்காரர் வருகை என்று பாதி நாள் ஓடிவிடும்.

கருத்தடை ஏதும் இல்லாமல் 12 மாதம் ஒழுங்காகச் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால்தான் மருத்துவர்கள் அதைக் குழந்தையின்மை என்று எடுத்துக்கொள்வார்கள். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதமே போதும். இந்தக் கணக்கு கல்யாணத் தேதியிலிருந்து தொடங்குவதில்லை, சேர்ந்திருந்த நாட்களைக் கொண்டது. அதனால் பல பேருக்கு உடம்பில் குறையே இருக்காது, நாள்தான் அமைந்திருக்காது. அதற்காக 12 மாதம் சேரும்வரை இன்னும் சில லீவுகள் காத்திருங்கள் என்று சொல்ல மாட்டோம். கணவர் வெளிநாட்டில் இருக்கிற காலத்திலும் மனைவியின் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. முப்பதைத் தாண்டியபின் வாய்ப்பு மெல்லக் குறையும், முப்பத்தைந்துக்குப் பிறகு வேகமாகக் குறையும். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள், வயிற்று ஆபரேஷன் செய்தவர்கள், முன்பு காசநோய் வந்தவர்கள், சிறு வயதில் விதை இறங்காத பிரச்சினை இருந்த ஆண்கள், பெரியவனான பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விதையும் வீங்கியவர்கள், இவர்கள் எந்தக் கெடுவும் பார்க்காமல் உடனே சோதனைக்குப் போகலாம்.

போகும்போது இருவருக்கும் சேர்த்து ஒரே ஃபைல் போடுங்கள். குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது, தனியாகவோ பெண் பக்கத்துக் காரணத்தோடு சேர்ந்தோ. இது தெரிந்தும் நம் ஊரில் நடப்பது வேறு. மனைவி இரண்டு வருடம் ஸ்கேன், மாத்திரை, ஊசி, லேகியம் எல்லாம் முடித்த பிறகுதான் கணவருக்கு முதல் விந்துப் பரிசோதனை எழுதப்படுகிறது. வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும். செலவு குறைந்த சோதனைகளில் அதுவும் ஒன்று, வலியும் இல்லை. முதல் வாரத்திலேயே அது கையில் இருக்க வேண்டும். அது வராமல் மனைவிக்குக் கருக்குழாய்ப் படமோ (குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்கும் எக்ஸ்ரே) லேப்ராஸ்கோப்பியோ (வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்யச் சொன்னால், "இவருக்கு முதல்ல பாத்துருவோம் டாக்டர்" என்று சொல்வதில் தப்பே இல்லை.

விந்துப் பரிசோதனை

சோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் இடைவெளியில் கொடுத்தால் எண்ணிக்கை குறையும். பத்துப் பதினைந்து நாள் சேர்த்துவைத்துக் கொடுத்தால் ஓட்டம், அதாவது விந்தணு நகரும் திறன், குறையும். எண்ணெய், எச்சில், சோப்பு எதுவும் படக்கூடாது. சாதாரண ஆணுறையில் பிடித்துக் கொடுத்தால் சோதனையே வீண். முழு மாதிரியும் குப்பிக்குள் விழ வேண்டும். முதல் சொட்டுகளில்தான் விந்தணு அதிகம், அது வெளியே சிந்தியிருந்தால் கூச்சப்படாமல் லேப்காரரிடம் சொல்லிவிட்டு வேறு நாள் கொடுங்கள். கடந்த மூன்று மாதத்தில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய 70 நாளுக்கு மேல் ஆகும், அந்தக் காய்ச்சல் இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும்.

லேப்பின் சிறிய அறையில் சிலருக்கு மாதிரி வராது. அது நோய் இல்லை, பதற்றம். வீட்டிலேயே எடுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். குப்பியைச் சட்டைக்குள் உடம்புச் சூடு படும்படி வைத்துக்கொள்ள வேண்டும்; ஏ.சி. காற்றும் வெயிலும் ஆகாது. களியக்காவிளைக்காரர் திருவனந்தபுரம் லேப்புக்கு வீட்டிலிருந்து மாதிரி கொண்டுபோவது நடக்காத காரியம். காலை நெரிசலில் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் தாண்டவே நேரம் போய்விடும். முதல் சோதனையை மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ நல்ல லேப்பில் செய்துகொள்ளுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மி.லி., ஒரு மில்லிக்கு 1.6 கோடி விந்தணு, மொத்தம் 3.9 கோடி, மொத்த ஓட்டம் 42 சதவீதம், முன்னோக்கிய ஓட்டம் 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். கடைசி எண்ணைப் பார்த்துத்தான் வீடே கலங்கிப்போகும், "நூத்துல நாலுதான் நல்லதா" என்று. நான்கே போதும், அது சாதாரண நிலை. இந்த எல்லைகளுக்குக் கீழே இருந்தாலும் குழந்தை பிறக்கவே பிறக்காது என்று அர்த்தமில்லை. ரிப்போர்ட் மோசமாக வந்தால் அதை வைத்து எந்த முடிவும் வேண்டாம், சில வாரம் விட்டு இன்னொரு தடவை கொடுங்கள். ஒரு மனிதரின் எண்ணிக்கையே மாதத்துக்கு மாதம் வெகுவாக மாறும். விந்தணுவே இல்லை என்று இரண்டு தடவை வந்தாலும் அது முடிவு இல்லை. குழாய் அடைப்பால் வெளிவராமல் இருக்கிறதா, உற்பத்தியே இல்லையா என்று ரத்தச் சோதனையிலும் நேரடிப் பரிசோதனையிலும் பார்ப்பார்கள். அடைப்புதான் காரணம் என்றால் விதையிலிருந்தே ஊசியால் எடுத்து ஐ.வி.எஃப்-புக்கு (முட்டையையும் விந்தணுவையும் உடம்புக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கி உள்ளே வைப்பது) பயன்படுத்த முடியும்.

சரிசெய்யக் கூடியவற்றில் நாம் அதிகம் கவலைப்படுவது ஜிம் ஊசி. உடம்பு ஏற்றுவதற்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டவர்களுக்கு விந்தணு உற்பத்தி அறவே நின்றுபோகலாம். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்காகும். "ஆண்மை கூடும்" என்று கொடுக்கிற சில பொடிகளிலும் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. புகை, பான் மசாலா, குடி, அடங்காத சர்க்கரை, அடுப்பு அனலில் பல மணி நேர வேலை, இவையெல்லாம் சேர்ந்து இழுக்கும். இன்று நிறுத்தினால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் தெரியும். அதனால் லீவுக்கு மூன்று மாதம் முன்பே அங்கேயே நிறுத்த வேண்டும். விந்துப் பரிசோதனையையும் வளைகுடாவிலேயே ஒரு தடவை செய்து ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டால், இங்கே மனைவியின் மருத்துவர் அதைப் பார்த்துத் திட்டம் போடலாம். லீவில் பத்து நாள் மிச்சமாகும்.

அவர் வருவதற்குள் மனைவி முடித்துவைக்க வேண்டியவை

ரூபெல்லாவுக்கு (ஜெர்மன் அம்மை) எதிர்ப்புசக்தி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இல்லையென்றால் தடுப்பூசி போட்ட பிறகு ஒரு மாதம் கரு தங்கக் கூடாது. லீவு தொடங்கிய பிறகு இது தெரியவந்தால் அந்த லீவே போச்சு. ஃபோலிக் ஆசிட் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். நாளுக்கு 400 மைக்ரோகிராம் பொதுவான அளவு, சர்க்கரை நோயோ வலிப்பு மாத்திரையோ இருந்தால் மருத்துவர் கூட்டித் தருவார். தைராய்டு, புரோலாக்டின், ரத்தச் சர்க்கரை எந்த மாதத்திலும் எடுக்கலாம். முட்டை வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன்களான எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும் மாதவிலக்கின் 2-ம் அல்லது 3-ம் நாளில் எடுக்க வேண்டும். இங்கே நாள் எண்ணுவதிலேயே குழப்பம் வரும். வெறும் கறை பட்டது கணக்கில் சேராது, நன்றாகப் போக்குத் தொடங்கிய நாள்தான் 1-ம் நாள். ஏ.எம்.எச். என்பது முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும், முட்டையின் தரத்தைக் காட்டாது. அது குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அடுத்த வாரமே ஐ.வி.எஃப் என்று அவசரப்படுத்தினால் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள்.

முட்டை வெளியாகிறதா என்று பார்க்கும் புரோஜெஸ்டிரோன் சோதனையில் நடக்கிற தவறு ஒன்று உண்டு. எல்லாருக்கும் "21-ம் நாள் வாங்க" என்று எழுதிவிடுவார்கள். அது 28 நாள் சுழற்சிக்குத்தான் பொருந்தும். அடுத்த விலக்குக்கு ஏழு நாள் முன்பு எடுப்பதுதான் முறை. 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 28-ம் நாள். 21-ம் நாளே எடுத்துவிட்டு முட்டை வரவில்லை என்று மருந்து தொடங்கியவர்கள் நிறைய.

கருக்குழாய்ப் படம் விலக்கு நின்ற பிறகு, பெரும்பாலும் 6-லிருந்து 10-ம் நாளுக்குள் எடுப்பார்கள். விலக்கு வந்ததிலிருந்து படம் முடியும்வரை சேர்க்கை வேண்டாம். ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். வலியைப் பல்லைக் கடித்துத் தாங்க வேண்டிய அவசியமே இல்லை. பயத்தில் கர்ப்பப்பைத் தசை இறுகினால் திறந்திருக்கிற குழாயும் அடைத்ததுபோலப் படத்தில் தெரியும். இரண்டு பக்கமும் குழாய் தொடங்குகிற இடத்திலேயே அடைப்பு என்று வந்தால் அதை உறுதிசெய்யாமல் நம்பிவிட வேண்டாம். உண்மையான அடைப்பு என்றால் நம் நாட்டில் காசநோயும் ஒரு காரணம். சளி, இருமல் எதுவும் இல்லாமலே அது கர்ப்பப்பையையும் குழாயையும் தாக்கும்.

நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) உள்ளவர்களில் உடல் எடை கூடியிருந்தால் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு விலக்கு ஒழுங்காகிறது. எழுபது கிலோ உள்ளவருக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோ. மூன்று நேரமும் சோறோ கப்பையோ என்று இருப்பதை ஒரு நேரம் குறைத்து, மீனும் பயறும் கூட்டிச் சாப்பிட்டால் முடிகிற காரியம்.

இனி டிக்கெட். 28 நாள் சுழற்சியில் முட்டை ஏறத்தாழ 14-ம் நாள் வெளியாகும். பொதுவாக அடுத்த விலக்குக்கு 14 நாள் முன்பு என்று வையுங்கள். கரு தங்க வாய்ப்புள்ள காலம் முட்டை வெளியாகும் நாளையும் அதற்கு முந்தின ஐந்து நாளையும் சேர்த்து ஆறு நாள். கணவர் மனைவியின் 5-ம் நாளில் வந்து இறங்கினால், லீவின் 10-ம் நாளில் ஒரு வாய்ப்பும் 38-ம் நாளில் இன்னொரு வாய்ப்பும் கிடைக்கும். 16-ம் நாளில் இறங்கினால் முதல் வாய்ப்பு ஏற்கெனவே போயிருக்கும். லீவின் 27-ம் நாள் ஒன்றுதான் மிச்சம். அதே நாற்பது நாள், அதே டிக்கெட் காசு. கொல்லங்கோடு தூக்கத் திருவிழாவுக்கோ கிறிஸ்துமஸுக்கோ பார்த்து லீவு போடுவதைப்போல, மூன்று மாத விலக்குத் தேதிகளை எழுதிவைத்து அதைப் பார்த்தும் போடலாம். முடிந்தால் மனைவி இரண்டு மூன்று மாதம் விசிட் விசாவில் அங்கே போவது இதைவிட நல்லது.

வந்த பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் போதும். "இன்னைக்குத்தான், இன்னைக்கே" என்று ஒரே நாளைக் குறிவைத்தால் கணவருக்கு அன்றைக்கே உடம்பு ஒத்துழைக்காமல் போவது சாதாரணம். இது அடிக்கடி நடப்பது, யாரும் வெளியே சொல்வதில்லை. அன்று சண்டை போடாமல் விட்டுவிடுங்கள்.

எல்லை தாண்டிச் சிகிச்சை

திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையில் அரசின் கருத்தரிப்புச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, தனியார் மையங்களும் பல. எங்கே போனாலும், செயற்கைக் கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்தும் ஏ.ஆர்.டி. சட்டம் 2021-ன்படி பதிவு பெற்ற மையமா என்று பாருங்கள். முதல் நிலைப் பதிவு உள்ள மையம் ஐ.யு.ஐ. (விந்தைக் கர்ப்பப்பைக்குள் நேராக வைப்பது) மட்டும் செய்யலாம், ஐ.வி.எஃப் செய்ய இரண்டாம் நிலைப் பதிவு வேண்டும். சிகிச்சைக்கு மனைவியின் வயது 21 முதல் 50, கணவருக்கு 21 முதல் 55 என்பது சட்ட வரம்பு. ஒப்புதல் படிவம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், புரியும்படி வாசித்துச் சொன்ன பிறகே கையெழுத்துப் போடுங்கள். "எங்கே போட வேண்டும்" என்று கேட்டுப் போடுகிற கையெழுத்து வேண்டாம். கருவை உறையவைப்பது, மிச்சக் கருவை என்ன செய்வது எல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கும்.

ஐ.யு.ஐ-யில் முட்டைப் பை 18-லிருந்து 20 மி.மீ. வளர்ந்ததும் முட்டையை வெளியாக்கும் எச்.சி.ஜி. ஊசி போட்டு, சுமார் 36 மணி நேரம் கழித்துக் கழுவிய விந்தை உள்ளே வைப்பார்கள். ஒரு தடவைக்கு நூறு பேரில் 10 முதல் 15 பேருக்குக் கரு தங்கும். குழாய் அடைப்போ விந்தணு மிகக் குறைவோ இருந்தால் இதில் காசைப் போடாதீர்கள். மூன்று நான்கு தடவைக்குமேல் தொடர்வதிலும் அர்த்தம் குறைவு.

ஐ.வி.எஃப்-பில் ஒன்பது பன்னிரண்டு நாள் தினசரி ஊசி. எல்லைப்புறத்தில் இருப்பவர்களுக்குத் தவறு நடப்பது மருந்தில்தான். திருவனந்தபுரத்தில் வாங்கிய ஊசியை ஐஸ் பையில் வைத்துக் கொண்டுவந்து, வீட்டில் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். ஃபிரீசரில் போட்டால் மருந்து கெட்டுப்போகும். ஐஸ் கட்டி நேராக ஊசிமேல் படாமல் துணி சுற்றுங்கள். சில மருந்து வெளியே வைக்கலாம், அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும். முட்டையை முதிரவைக்கும் கடைசி டிரிகர் ஊசி பெரும்பாலும் இரவு ஒன்பது, பத்து, பதினொரு மணிக்கு. அதிலிருந்து 34–36 மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள், அதனால் சொன்ன மணிக்குப் போட வேண்டும். அந்த நேரத்துக்குப் பக்கத்து நர்ஸ் வருவாரா என்று ஒரு வாரம் முன்பே கேட்டுவையுங்கள். நேரம் தவறிவிட்டால் மறைக்காமல் அப்போதே மையத்துக்குப் போன் செய்யுங்கள். அவர்கள் எடுக்கும் நேரத்தைத் தள்ளிவைக்க முடியும். மறைத்தால் முட்டையே கிடைக்காமல் போகலாம்.

ஊசிக்குப் பிறகு வயிறு வீங்கி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கினால் காலைவரை காத்திருக்கக் கூடாது. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பக்கத்து மருத்துவமனைக்குப் போனாலும் அங்கே இருப்பவருக்கு என்ன மருந்து போட்டார்கள் என்று தெரியாது. ஊசிப் பெயர், தேதி எழுதிய தாளைக் கைப்பையில் வையுங்கள். கரு வைத்த பிறகு படுத்தே கிடக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் குலுங்கினால் கரு கீழே விழும் என்பதும் உண்மையில்லை. வீட்டுச் சோதனை அட்டையில் அவசரப்பட்டுப் பார்க்காதீர்கள். எச்.சி.ஜி. ஊசியின் மிச்சமே பத்துப் பன்னிரண்டு நாள் பொய்யாக இரண்டு கோடு காட்டும். கரு தங்கிய பிறகு ஒருபக்க வயிற்று வலியோ தலைசுற்றலோ தோள்பட்டை வலியோ வந்தால், குழாயில் கரு தங்கியிருக்கலாம் என்று உடனே பார்க்க வேண்டும்.

கணவர் திரும்பிப் போவதற்குள் சிகிச்சை முடியாது என்று தெரிந்தால் விந்தை உறையவைத்துவிட்டுப் போகலாம். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சோதனைகள் முன்பே முடிந்திருக்க வேண்டும், ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும், வருடக் கட்டணம் உண்டு. உருக்கும்போது ஓட்டம் குறையும் என்பதால் அதை ஐ.யு.ஐ-யைவிட ஐ.வி.எஃப்-புக்கே அதிகம் பயன்படுத்துகிறார்கள். விமானம் ஏறுகிற நாளுக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளாமல், ஒரு வாரம் முன்பே இரண்டு தடவையாகக் கொடுங்கள்.

வீடு

கணவர் போனபிறகு புகுந்த வீட்டில் தனியாக நிற்பவள் மனைவி. "மக்ளே, விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று மாமியும் பக்கத்து வீட்டாரும் கேட்பது அவளைத்தான். நாங்கள் ஒரு விதியைப் பிடிவாதமாகச் சொல்கிறோம்: அவரவர் வீட்டாருக்கு அவரவரே பதில் சொல்ல வேண்டும். "அம்மா, எங்க ரெண்டு பேருக்கும் டாக்டர் பாத்துட்டிருக்கார். விசேஷம் இருந்தா நானே முதல்ல சொல்லுவேன். அவகிட்ட கேக்காதீங்க" என்று மகன் போனில் ஒரு தடவை சொன்னால் போதும், பாதி பாரம் இறங்கிவிடும். விந்தணு குறைவு என்று ரிப்போர்ட் வந்திருக்கும்போது, பழியை மனைவி தன் தலையில் போட்டுக்கொண்டு மறைப்பதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அது அநியாயம். எண்ணைச் சொல்ல வேண்டாம், "எனக்கும் மருந்து நடக்குது" என்ற ஒரு வாக்கியத்தைக் கணவர் சொல்லியே ஆக வேண்டும்.

தினமும் இரவு போனில் "டேட் வந்துச்சா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். சிகிச்சைப் பேச்சுக்கு வாரத்தில் இரண்டு நாள், கால் மணி நேரம் என்று வைத்து மற்ற நாள் வேறு பேசலாம். வளைகாப்புக்குப் போக மனசு வராவிட்டால் மொய்யை மட்டும் அனுப்புங்கள். நாகர்கோவில் நாகராஜா கோயில், மண்ணாறசாலையில் உருளி கவிழ்த்தும் வழிபாடு, வேளாங்கண்ணி நேர்ச்சை, மனசுக்குத் தெம்பு தருமென்றால் எதற்கும் போகலாம். ஊசித் தேதியும் ஸ்கேன் தேதியும் அதோடு மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வைத்தியரிடம் வாங்கிய லேகியமோ கஷாயமோ சாப்பிட்டால் மையத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல் இருந்தாலோ, செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒரு தடவை எட்டிப் பார்த்தாலோ 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

எத்தனை தடவை, எவ்வளவு பணம், எந்த நகைவரை அடகு என்பதை முதல் ஊசிக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து எழுதிவையுங்கள். தோல்வியடைந்த அன்று மாலை கவுண்டரில் நின்று அடுத்த பேக்கேஜுக்குச் சம்மதிக்காதீர்கள். தானமுட்டை, தானவிந்து என்ற பேச்சு வந்தால் வீட்டுக்கு வந்து, சில வாரம் எடுத்து, இருவரும் மனசார ஒத்துக்கொண்டால் மட்டும். தத்தெடுப்பு என்றால் மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான 'காரா'வின் இணையதளத்தில் பதிவு செய்வதுதான் பொதுவான வழி. கல்யாணமாகி இரண்டு வருடமாவது நிலையாகச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், வீட்டுக்கு வந்து ஆய்வறிக்கை எழுதுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் குழந்தை வாங்கித் தருகிறேன் என்று யார் வந்தாலும் அது குற்றம், பின்னால் குழந்தையையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பதிவுசெய்த பிறகு கைக்குழந்தைக்கான காத்திருப்பு வருடக்கணக்கில் நீளும். அதனால் இந்த எண்ணம் மனசில் இருந்தால் கடைசிச் சுழற்சிவரை தள்ளிப்போடாமல், இந்த லீவிலேயே பேசிவிடுங்கள்.